கருவியும் விரதமும்



அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இல்லறத்தாராகிய நாம் இன்று சிந்திக்கக் கடமைப்பட்ட ஒரு பொருளைக் குறித்துச் சில கருத்துகளை இங்கே சமர்ப்பிக்கின்றேன்.

நம் திகம்பர முனிவர்களிடம் இருக்கும் பொருள்கள் மூன்றே. அவை மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம் என்பன. பீலி சம்யமோபகரணம் எனப்படும். அமரும் இடத்திலும் கிடக்கும் இடத்திலும் உள்ள சிற்றுயிர்களை நோகாமல் விலக்குவதற்கு உரியது. கமண்டலம் சௌசோபகரணம், தூய்மைக்கு வேண்டும் நீரைத் தாங்குவது. சாத்திரம் ஞானோபகரணம். அந்தப் பீலியும் மயில் தானே உதிர்த்த இறகால் ஆயது. ஆடையையும் துறந்த முனிவர் கருவியை முற்றிலும் துறக்கவில்லை என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கருவி வைத்திருப்பதை ஜினதருமம் குற்றமாகக் கூறவில்லை. 'இது எதற்காக?' என்று வினவினால் ஒவ்வொன்றுக்கும் விடை இருக்க வேண்டும் என்பதே அதன் கட்டளை. முனிவரின் மூன்று கருவிகளுக்கும் விடை உண்டு. நம் இல்லங்களில் உள்ளவற்றுக்கு உண்டா?

இல்லறத்தார்க்கு மூன்று பொருள்கள் போதா. உழ வேண்டும், உலை ஏற்ற வேண்டும், மக்களைப் படிக்க வைக்க வேண்டும். இதனை நன்கு அறிந்தே ஆசாரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்துக் காட்டினர். வீட்டு வேலைகளால் நேர்வது ஆரம்பி இம்சை. உழவு, வாணிகம், தொழில் இவற்றால் நேர்வது உத்யோகி இம்சை. தற்காப்பின்போது நேர்வது விரோதி இம்சை. கொல்ல வேண்டும் என்னும் கருத்துடன் செய்வது சங்கல்பி இம்சை. நான்காவதைச் சாவகன் அறவே விட வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும்.

இயன்ற அளவு என்றால் எவ்வளவு? இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே அநர்த்த தண்ட விரதம். அநர்த்தம் என்பது பயனின்மை. தண்டம் என்பது மனம், மொழி, மெய்களால் உயிர்களுக்கு இழைக்கும் துன்பம். நமக்கும் பிறர்க்கும் எந்தப் பயனுமின்றி நிகழும் இம்சையை நீக்குவதே இவ்விரதம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்தாக வகுத்துரைத்தார். பாபோபதேசம், இம்சாதானம், அபத்தியானம், துச்சுருதி, பிரமாதசரியை என்பன அவ்வைந்து. தமிழில் அருங்கலச்செப்பும் இவ்வழியே இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறுகின்றது. மின்சாரமும் கணிப்பொறியும் இல்லாத காலத்தில் எழுந்த இந்த ஐந்து சொற்கள் நம் காலத்துக் கருவிகளை அளப்பதற்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு மேலிடுகின்றது.

முதலில் பிரமாதசரியையைக் காண்போம். பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளைக் கிள்ளுதல், காரணமின்றி அலைதல் ஆகியவை இதில் அடங்கும். மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தும் ஓரறிவுயிர்களின் உடல்கள் என்பது நம் சித்தாந்தம். முன்னோர் தீ மூட்ட விரும்பினால் விறகு சேர்த்துக் கண் எரிய ஊத வேண்டும். அந்த உழைப்பே ஒரு வேலியாக நின்றது. இன்று விரலால் ஒரு பொத்தானை அழுத்துகின்றோம். தீ வேறெங்கோ எரிகின்றது. தொலைக்காட்சியோடு இணைந்த பெட்டி ஒன்று யாரும் பாராத வேளையிலும் 10 வாட் மின்சாரத்தை உண்டுகொண்டிருந்தால், ஓராண்டில் 87 யூனிட்டுக்கு மேல் செலவாகும். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிகின்றது. ஆகவே யாரும் பாராத ஒரு பெட்டிக்காக ஆண்டுதோறும் 40 கிலோவுக்கு மேல் நிலக்கரியை எரிக்கின்றோம். இதனால் எவருக்கு என்ன பயன்? இதற்கு ஆரம்பி என்றோ உத்யோகி என்றோ பெயர் சூட்ட இயலாது. இது அநர்த்த தண்டமே.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் பலர் உழவர்கள். பயிருக்கு நீர் இறைப்பது உத்யோகி இம்சை. அது தவிர்க்க இயலாதது. ஆனால் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பொருத்திவிட்டு உறங்கப் போகின்றோம். நள்ளிரவில் மின்சாரம் வருகின்றது. மோட்டார் தானே ஓடுகின்றது. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட் செலவாகும். பாத்தி நிறைந்து, வரப்பு வழிந்து, நீர் சாலையில் ஓடும்போது அதனைக் காண்பவர் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் உழவு மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாதது வினையும் இல்லாதது ஆகிவிடாது. வடிகட்டாத நீரைப் பருகாத மரபில் வந்த நாம், வடிகட்டிய ஒரு குவளைக்கு அஞ்சி, வழிந்தோடும் ஆயிரம் குடங்களுக்கு அஞ்சாமல் இருக்கலாமா?

அடுத்தது இம்சாதானம். கோடரி, வாள், மண்வெட்டி, தீ, சங்கிலி முதலிய துன்பக் கருவிகளைப் பயனின்றிப் பிறர்க்கு வழங்குதல் இதன் இலக்கணம். நம் இளைஞர்கள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் பொறியியல் பணிகளில் உள்ளனர். அவர்கள் ஆக்கித் தருவனவும் கருவிகளே. மக்களை உறக்கமின்றிப் பார்த்துக்கொண்டே இருக்கச் செய்யும் செயலி, கடனில் ஆழ்த்தும் சூதாட்டச் செயலி, எவரைக் கொல்வது என்று தானே தெரிந்தெடுக்கும் போர்க்கருவி ஆகியவற்றுக்கு உழைப்பதும், உழைக்குமாறு அறிவுரை கூறுவதும் இம்சாதானமும் பாபோபதேசமும் ஆகும். சம்பளம் வருவதால் இதற்குப் பயன் உண்டு என்று சிலர் வாதிடலாம். பயன் என்று ஆசாரியர்கள் கருதியது அறத்தோடு பொருந்திய வாழ்க்கைத் தேவையை. அது வேறு வழியிலும் நிறைவேறும் என்றால் இவ்வழி நமக்கு வேண்டுவதில்லை.

'இயந்திரம்தானே செய்தது; நான் என்ன செய்தேன்?' என்று கேட்கும் காலம் இது. செயற்கை நுண்ணறிவு பெருகப் பெருக இக்கேள்வியும் பெருகும். நம் சித்தாந்தத்தில் இதற்கு ஐயமற்ற விடை உண்டு. இயந்திரம் புத்கலம், அஜீவம். அதற்குக் கஷாயம் இல்லை. ஆகவே வினைப்பந்தமும் இல்லை. வினை ஒட்டுவது உயிருக்கே. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்னும் கிருத, காரித, அனுமோதனங்கள் மூன்றும் மனம், மொழி, மெய்களோடு கூடி நம்மைப் பற்றுகின்றன. இயந்திரத்தை ஏவுபவனும், அதனை அமைத்தவனும், அதன் பயனை மகிழ்ந்து நுகர்பவனும் அவரவர் பங்கைச் சுமக்கின்றனர். பங்கு போடுவதால் ஒருவர் சுமையும் குறைவதில்லை.

துச்சுருதியும் அபத்தியானமும் இன்று நம் கைக்குள் அடங்கிவிட்டன. கேட்கத் தகாதவற்றைக் கேட்பது முன்னது. பிறர்க்குக் கேடு நினைப்பது பின்னது. உண்மையா என்று ஆராயாமல் வாட்ஸ்அப்பில் வந்த வசைச் செய்தியைப் பலருக்கு அனுப்பும் ஒரு நொடியில் இரண்டும் நிறைவேறுகின்றன. ஆராயாமல் செயலில் இறங்குவதை 'அசமீக்ஷிய அதிகரணம்' என்று இவ்விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகவும், வீண் பேச்சை 'மௌகரியம்' என்று மற்றொன்றாகவும் ஆசாரியர்கள் எண்ணினர்.

அநர்த்த தண்ட விரதத்தோடு சேர்த்து எண்ணத் தக்கது தேசவிரதம். 'இன்று இந்த ஊரின் எல்லையைக் கடவேன்', 'இந்த வேளையில் இந்த வீட்டை விட்டு நீங்கேன்' என்று இடத்தையும் காலத்தையும் வரைந்துகொள்வது அது. இதன் அதிசாரங்கள் ஐந்து. எல்லைக்கு வெளியே உள்ள பொருளை வருவித்தல், வெளியே ஆளை அனுப்புதல், வெளியே உள்ளவர்க்குக் குரல் கொடுத்தல், தன் உருவத்தைக் காட்டி அழைத்தல், கல் முதலியவற்றை எறிந்து குறிப்புக் காட்டுதல் என்பன அவை. சற்றே சிந்தியுங்கள்! இருந்த இடத்திலிருந்தே பொருளை வருவிக்கின்றோம், ஆளை ஏவுகின்றோம், தொலைபேசியில் குரல் கொடுக்கின்றோம், காணொளியில் உருவம் காட்டுகின்றோம், குறுஞ்செய்தியை எறிகின்றோம். உடல் நாற்காலியில் இருக்க, ஆசை உலகெங்கும் திரிகின்றது. கால் கடவாவிட்டாலும் கருத்துக் கடந்தால் விரதம் குறைபடும் என்று அன்றே உணர்ந்து வைத்த ஆசாரியர்களின் கூர்மையை என்னென்பது!

இங்கே ஒரு தடை எழலாம். 'அறிவியலே தீர்வும் தருகின்றதே! 60 வாட் விளக்கு இருந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது, சூரிய ஒளியில் மின்சாரம் கிடைக்கின்றது' என்பர். இவை நல்லவை, வரவேற்கத் தக்கவை. ஆயினும் இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1865ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். நீராவிப் பொறி சிக்கனமாக ஆக, நாட்டில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, பெருகியது. மலிந்தவுடன் பொறிகள் பெருகிவிட்டன. நம் இல்லத்திலும் இதுவே நிகழ்கின்றது. ஒரு விளக்கில் மிச்சம் பிடித்ததை ஆறு விளக்குகளில் செலவிடுகின்றோம். கருவி எவ்வளவு சிக்கனமானதாயினும், ஆசைக்கு அளவு வரையாதவரை மிச்சம் நிற்பதில்லை. ஆதலால்தான் பரிக்கிரக பரிமாணம் என்னும் பொருள் வரைதல், கருவிக்கு அன்றி ஆசைக்கே எல்லை கட்டுகின்றது.

இதன் விளைவு நம்மை நேரே தொட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி மலையில் சமணச் சிற்பமும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. 2022 நவம்பரில் அங்கே 193 எக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்கான ஏலம் 2024 நவம்பரில் முடிவானது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்து செய்தது. நம் உள்ளம் குளிர்ந்தது, அது இயல்பே. ஆனால் டங்ஸ்டன் எதற்கு? துளையிடும் கருவிகளின் முனைக்கும், நம் கைப்பேசியை அதிரச் செய்யும் சிறு எடைக்கும் அது பயன்படுகின்றது. கைப்பேசி மின்கலத்துக்குரிய கோபால்ட்டின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் வெட்டப்படுகின்றது. அங்குள்ள சுரங்கங்களில் சிறுவர்களும் உழைக்கும் அவலத்தை உலகம் அறியும். நம் முனிவர் தவம் செய்த மலை தப்பிற்று. நம் ஆசை குறையாவிட்டால், பெயர் அறியாத மற்றொரு மலை தப்பாது. அங்கும் உயிர்கள் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. நாம் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றும் கைப்பேசியும் அக்குவியலில் ஒன்று. தேவைக்கு மேல் நுகர்பொருளைத் திரட்டுவதை 'அதிபிரசாதனம்' என்னும் அதிசாரமாக நம் நூல் கூறியிருப்பதை இங்கே நினைக்க வேண்டும்.

சாவக சாவகியரே! கேட்டுத் தலையசைப்பதோடு அறவுரை நிறைவதில்லை. அளவில்லாத விரதம் விரதமாகாது. ஆகவே எல்லோரும் ஏற்கத்தக்க நான்கு நியமங்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது, இல்லத்தில் உள்ள மின்கருவிகளை எண்ணி எழுதி, இத்தனைக்கு மேல் வேண்டா என்று வரைந்துகொள்ளுங்கள். பழையது பழுதுபார்க்க இயலாத நிலை அடைந்த பின்னரே புதியது வாங்குவது என்று கொள்ளுங்கள். கழிந்ததைக் குப்பையில் எறியாமல் உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.

இரண்டாவது, உறங்கப் போகுமுன் பயனின்றி எரிவது, ஓடுவது, ஒழுகுவது எது என்று வீட்டையும் கிணற்றடியையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வினாடிக்கு ஒரு துளி ஒழுகும் குழாய் ஒரு நாளில் ஏறத்தாழ 20 லிட்டர் நீரைப் போக்கிவிடும்.

மூன்றாவது, பொழுது சாயுமுன் உண்ணும் நம் குலவழக்கத்தோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாமாயிகத்துக்கு அமரும் நேரத்திலேனும் கைப்பேசியை அணைத்து வேறு அறையில் வையுங்கள். இயன்றவர் அந்த எல்லையை மறுநாள் காலை வரை நீட்டலாம். அவசரச் சேவைப் பணியில் இருப்போர் தமக்கேற்ப வரைந்துகொள்ளலாம்.

நான்காவது, ஜினாலய விழாக்களில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டு, குவளைகளை அறவே நீக்குங்கள். 2019 ஜனவரி முதல் மாநில அரசு அத்தகைய பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்துள்ளது. அரசின் தடைக்கு முன்பே நாம் செய்திருக்க வேண்டிய அறம் இது. ஊருக்கு ஐந்நூறு எவர்சில்வர் தட்டும் குவளையும் வாங்கி வைப்பது சிறந்த தானமாகும்.

தசலக்ஷண பருவத்தில் உத்தம சம்யமத்தையும் உத்தம ஆகிஞ்சன்யத்தையும் ஓதுகின்றோம். அப்பத்து நாள்களுக்கு இந்நியமங்களை ஏற்றுப் பாருங்கள். பத்து நாள் பழகியது ஓராண்டுக்கும் இயலும். இரவில் பிரதிக்கிரமணம் செய்யும்போது, 'இன்று எந்த உயிரைப் பயனின்றி வருத்தினேன்?' என்று ஒரு வினாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடை வரும் இடத்தில் மறுநாளைய விரதம் தொடங்கட்டும்.

ஜினதருமம் ஓங்குக! ஜெய் ஜினேந்திரா!