சிறுவாச்சூர் மதுரகாளியும் திரோதான சத்தியும்



காளி என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நம்மனோர் நெஞ்சில் தோன்றுவன சினந்த விழியும் குருதி வேட்கையுமேயாம். பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியை அடுத்துள்ள சிறுவாச்சூரிலோ, அவ்வன்னை மதுரகாளி என்னும் திருப்பெயரோடு வடக்கு நோக்கி அமர்ந்த கோலத்தே எழுந்தருளியிருக்கின்றாள். திருக்கரங்களில் உடுக்கையும் பாசமும் சூலமும் உள. நான்காவது கரத்துக் கலத்தைப் பிறவிடங்களிற் கபாலம் என்பர், இத்தலத்தார் அட்சயபாத்திரம் என்பர். கொல்வாள் எனக் கருதப்பட்டவள் கையில் உண்பிக்கும் கலம்! இங்ஙனம் இனியளாகக் காளியை வைத்து வழிபடும் இடங்கள் மிகச் சிலவே.

மதுரையை எரித்த கண்ணகியே சினந்தணிந்து ஈண்டு வந்தமர்ந்தாள் என்பாரும் உளர். இளங்கோவடிகள் காட்டும் வழி மேற்கே சேரநாட்டு மலைக்குச் செல்வதாகலின், அச்செவிவழிச் செய்தியை நூலோடு பொருத்தி வாதிடுதல் வேண்டா. நாம் கருதற்குரியது தலத்தார் வழங்கும் மற்றொரு வரலாறாகும்.

முன்னர் அவ்விடத்தே அமர்ந்திருந்தவள் செல்லியம்மை. மந்திரவாதி ஒருவன் தன் மந்திர வலியால் அவளைக் கட்டித் தீச்செயல்களுக்கு ஏவல் கொண்டான். ஓரிரவு மதுரகாளி விருந்தினளாய் வந்து தங்க இடம் வேண்டி, அவள் துயரைக் கேட்டறிந்து, அவனை அழித்தொழித்தாள். செல்லி தன் இருக்கையை அவளுக்கே அளித்துப் பெரியசாமி மலைக்குச் சென்றாள். திங்களும் வெள்ளியும் சிறப்பு நாள்களும் அன்றி மற்றை நாள்களிற் கோயில் திறக்கப்படாமைக்கு, அந்நாள்களில் மதுரகாளியும் அம்மலையில் உறைகின்றாள் என்று காரணங் கூறுவர். பேரொளி வழிபாட்டின்போது பூசகர் தீபத்தை முதலில் மலைத்திசை நோக்கிச் செல்லிக்குக் காட்டிய பின்னரே, எதிரே வீற்றிருக்கும் மதுரகாளிக்குக் காட்டுவர்.

"தெய்வத்தை ஒருவன் கட்டவும் ஏவவும் கூடுமோ? கூடுமெனின் அது தெய்வமாதல் யாங்ஙனம்?" என்று சித்தாந்தம் பயின்றார் வினவுவர். வினா நன்றே. ஆயின் இவ்வினாவை நம் சாத்திரமே முன்னர் எழுப்பி விடையும் கூறிவைத்தது. திரோதான சத்தி சிவனது சத்தியே; எனினும் ஆணவ மலத்தின் வழிநின்று, அது பக்குவமுறும் பொருட்டு அதனை நடத்தலின், உபசாரத்தால் மலம் என்றே எண்ணப்பட்டது. அருளானது மலத்துக்கு ஏவல் செய்வதுபோலத் தோன்றும் காலம் ஒன்றுண்டு என்பதே அதன் கருத்து. மலபரிபாகம் எய்தியவழி அச்சத்திதானே அருட்சத்தியாய்ப் பதியும். வேறொரு சத்தி புறத்திருந்து வருதல் இல்லை. கட்டுண்டாள்போல நின்ற செல்லியையும் கட்டறுத்த காளியையும் இம்முறையில் வைத்து நோக்குமின். மறைத்தவளும் விளக்கியவளும் ஒருத்தியே. மறைத்தவளுக்கே தீபம் முற்படக் காட்டப்படுகின்றது. இது யான் கொண்ட பொருள், தலத்தார் கூற்றன்று. எனினும் அத்தீபமுறை ஏட்டுக்கல்வியில்லார் வைத்த வெறுஞ் சடங்கு என்று தள்ள என் மனம் இசையவில்லை.

சிறுதெய்வம் எனக் கூறி ஒதுக்குவார், சித்தியார் சுபக்கத்தையே துணையாகக் கொள்வர். பிற தெய்வங்கள் பிறப்பிறப்புக்கு உட்பட்டன என அருணந்தி சிவாசாரியார் கூறியது உண்மையே. ஆயின் அச்செய்யுளின் முற்பகுதி யாது கூறிற்று? எவ்வடிவை எண்ணி ஒருவன் தொழினும் அவ்வடிவில் நின்று ஏற்பவர் அம்மையப்பரே என்றன்றோ? முற்பகுதியை மறந்து பிற்பகுதியை மட்டும் ஓதுதல் நம் கூட்டத்தாரிடை நெடுங்கால வழக்காயிற்று.

அதன் பயனை 2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் கண்டோம். பெரியசாமி மலைக்கோயிலிலும் செல்லியம்மன் கோயிலிலும் இருந்த திருவுருவங்கள் உடைக்கப்பட்டன. ஒரு சிவாலயத்துத் திருமேனி ஊறுபட்டதாயின் நாம் எத்துணைக் கூட்டம் கூட்டியிருப்போம்! இதற்கோ, ஊரார் வழிபாடுதானே என்று வாளா இருந்தார் பலர். திருமேனியை மண்ணென்றும் கல்லென்றும் எண்ணாது, அருள் விளங்கும் இடமெனக் கொள்வதன்றோ நம் துணிபு? கருங்கல்லுக்கு ஒரு நீதி, மலையடி உருவங்களுக்கு ஒரு நீதி என ஆகமம் யாண்டு வகுத்தது?

ஆதலின் மடங்களிலிருந்து அவ்வழியே செல்லும் அடியவர், திங்கள் அல்லது வெள்ளியிற் சென்று, அங்கேயே அரிசி இடித்து மாவிளக்கேற்றும் தாய்மாரோடு நின்று மதுரகாளியை வணங்குவாராக. தீபம் மலைநோக்கி உயரும்போது கைகளையும் அத்திசைக்கே திருப்புவாராக. பின்னர் அம்மலைக்கும் ஒருமுறை சென்று வருவாராக.