கேள்வி கேட்காத பொருள்

ஞாயிறு பின்னேரங்களில் சுவிஸ் ரெயினில் ஏறினால் சீருடை போட்ட பெடியள் துவக்கோடு இருப்பார்கள். விடுமுறை முடிந்து இராணுவப் பயிற்சிக்குத் திரும்புகிறவர்கள். துவக்கைப் பயணப்பையோடு வைத்துவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நித்திரை கொள்வார்கள். பக்கத்து இருக்கைக் கிழவி திரும்பியும் பாராள். எனக்கு மட்டும் முதுகு நிமிர்ந்துவிடும்.

துவக்கு வைத்திருப்பது உரிமையா இல்லையா என்று இங்கே நிறையப் பேசுகிறார்கள். எனக்குள்ள கேள்வி வேறு. ஆபத்தான பொருளை யாரும் பாவிக்கக்கூடியதாகச் சுலபமாக்குவது நல்ல காரியமா?

இது எனக்குத் துவக்கிலிருந்து வந்த கேள்வி அல்ல. ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் கொம்பியூட்டர் படித்தேன், முடிக்கவில்லை. யுனிக்ஸில் 'ஆர்எம்' என்ற இரண்டு எழுத்தையும் கோப்பின் பெயரையும் அடித்தால் கோப்பு போய்விடும். சாதாரணமாக அது ஒரு கேள்வியும் கேட்காது. பாவிப்பவன் விஷயம் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது அது. 1984இல் அப்பிளின் மக்கின்ரோஷ் வந்து, தெரியாதவனுக்கும் கதவைத் திறந்துவிட்டது. கூடவே ஒரு குப்பைக்கூடையும் வந்தது. எறிந்ததைத் திரும்ப எடுக்கலாம். 1995இல் விண்டோஸும் அதையே செய்தது. சுலபத்தைக் கொடுத்தவர்கள் மீட்பையும் கொடுத்தார்கள். இதை நான் ஒழுக்கம் என்பேன். வெறும் வியாபாரம் என்று சிரிக்கிற நண்பர்களும் உண்டு.

இனிக் கலாஷ்னிக்கோவ். 1941இல் போரில் காயப்பட்ட சோவியத் படையாள். 1947இல் அவர் உருவாக்கிய துவக்கு சேற்றிலும் மணலிலும் சுடும். ஆயுதம் பழகாதவனும் விரைவில் பழகிவிடுவான். பாவனைச் சுலபத்தில் அதற்கு இணை சொல்வது கஷ்டம். எங்கள் மண்ணில் பிள்ளைகளின் தோளில் அது தொங்கியதற்கு அந்தச் சுலபமும் ஒரு காரணம். பிள்ளை பிடித்தவர்களின் குற்றத்தை நான் இரும்பின் தலையில் கட்டவில்லை. ஆனால் பழகுவதற்கு வருடக்கணக்கில் எடுக்கும் ஆயுதமென்றால், பதின்மூன்று வயதுப் பிள்ளையால் அவர்களுக்கு என்ன பிரயோசனம் இருந்திருக்கும்?

2013இல் இறப்பதற்கு முன்னர் கலாஷ்னிக்கோவ் ரஷ்யத் திருச்சபையின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் துவக்கு பறித்த உயிர்களுக்குத் தானும் குற்றவாளியா என்று அதில் கேட்டிருந்தார். தாய்நாட்டைக் காக்கும் ஆயுதமென்றால் செய்தவரையும் ஏந்துபவரையும் சபை ஆதரிக்கும் என்றார் சபையின் பேச்சாளர். கிழவர் கேட்டது அதையல்ல என்றுதான் எனக்குப் படுகிறது.

அனுமதிப்பத்திரம், காத்திருக்கும் நாட்கள் எல்லாம் கொம்பியூட்டர் கேட்கும் 'நிச்சயமாகவா?' போன்றவை. தேவைதான். ஆனால் அந்தக் கேள்வியை வாசிக்காமலே 'ஆம்' என்று அமத்திப் பழகியவர்கள் நாங்கள். ரெஸ்ரோறன்ற் குசினியில் இறைச்சி சீவும் மெசினுக்குக் கைக்காப்பு உண்டு. சனிக்கிழமை இரவில் அதைக் கழற்றி ஒருபக்கம் வைத்துவிடுகிறோம்.

ஆகவே கேள்வியைவிடத் தூரம் நல்லது. துவக்குக்குக் குப்பைக்கூடை கிடையாது. சுவிஸில் படையாட்கள் துவக்கோடு ரவையையும் வீட்டில் வைத்திருந்தார்கள். ரவையைத் திரும்ப எடுப்பதென்று 2007இல் முடிவானது. துவக்கையும் களஞ்சியத்தில் வைப்போமா என்று 2011இல் வாக்கெடுப்பு நடந்தபோது 56 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். அதற்கு முன்னரே, 2003இல், இராணுவத்தின் தொகையைப் பாதியளவுக்குக் குறைத்ததில் பல வீடுகளிலிருந்து துவக்கு போயிருந்தது. பின்னர் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். படைவயது ஆண்களிடையே தற்கொலை குறைந்திருந்தது. துவக்கு இல்லாமற் போனவர்களில் பெரும்பாலானோர் வேறு வழி தேடவுமில்லை. அவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது. எங்கோ ஒரு ரெயினில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

போன ஞாயிறு ஒரு பெடியன் துவக்கை மறந்துபோய் இறங்கப் பார்த்தான். கிழவிதான் கூப்பிட்டு ஞாபகப்படுத்தினாள்.