விருந்து யாருக்கு?

தாம்பரத்திலே ஒரு திருமணம். வாயிலில் வாழை, உள்ளே வரிசை வரிசையாய்ப் பந்தி, இலையிலே பலகாரம் பலப்பல. உண்டு முடித்த உறவினர், தாம்பூலப் பையுடன், "நல்ல விருந்து!" என்று நாவாரப் புகழ்ந்து செல்கின்றனர். நன்று! ஆனால் தோழர்களே, அங்கு நடந்தது விருந்துதானா?

விருந்து என்ற சொல்லின் முதற்பொருள் சோறு அன்று, புதுமை! புதிய யாப்பில் புனையும் செய்யுளையும் தொல்காப்பியம் விருந்து என்றே குறித்தது. புதுமையைச் சுட்டிய சொல் புதிதாய் வந்தவரைச் சுட்டிற்று. பிறகே அவருக்கு இட்ட உணவுக்கு ஆயிற்று. உணவுக்கு அடிசில் என்றும், கூடிக் களித்து உண்பதற்கு உண்டாட்டு என்றும் வேறு சொற்கள் இருந்தன. உறவினரோ ஒக்கல். இல்வாழ்வான் கடமைகளை எண்ணிய வள்ளுவர், விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே வைத்தார். ஒக்கலுக்கு ஊட்டுவதும் கடமையே. ஆயினும் அது விருந்தோம்பல் ஆகாது. ஓம்பல் என்பது காத்தல். முன்பின் அறியாதவனைக் காப்பதே அந்த அறம்!

சாதி வந்தது, சொல் சிறைப்பட்டது. வந்தவனின் பசியைக் கேட்குமுன் குலத்தைக் கேட்டனர். சேரன்மாதேவி குருகுலத்திலே பள்ளிச் சிறுவரிடையே தனிப்பந்தி. 1925-இல் பெரியார் பொங்கி எழுந்தார். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார இரயில் ஓடிற்று. ஒரே பெட்டியில் தோளோடு தோள் உரசப் பயணம் செய்தது மக்கள் கூட்டம். ஆனால் தென்னிந்திய இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பார்ப்பனருக்குத் தனியிடம்! 1941-இல்தான் அந்த இழிவு ஒழிந்தது. இரயில் இணைத்தவரை இலை பிரித்தது!

இன்று அண்ணா நினைவு நாளாம் பிப்ரவரி 3-இல் கோயில்களிலே பொது விருந்து நடக்கிறது. மகிழ்கிறோம். ஆனால் ஆண்டில் ஒரு நாள் ஆலயத்தில் நுழைந்த சமத்துவம், நம் வீட்டுப் பந்தியில் நுழைந்ததா? அதே தாம்பரம் மண்டபத்தின் பின்கட்டைப் பாருங்கள். எச்சில் இலை எடுக்கும் மூதாட்டி, பாத்திரம் துலக்கும் பெண், வடநாட்டிலிருந்து வந்து பரிமாறும் இளைஞன் — இவர்களுக்குக் கடைசிப் பந்தி, அதுவும் மிஞ்சினால்!

"ஊரையெல்லாம் அழைத்தால் கட்டுப்படியாகுமா?" என்பர். ஊரையெல்லாம் அழைக்கச் சொல்லவில்லை. உழைத்தவரை உடன் அமர்த்தச் சொல்கிறோம். தம்பி, உன் திருமணத்தில் முதற்பந்தியிலே அவர்களுக்கும் இலை போடு. அன்று அதனை விருந்து என்று சொல். தமிழ் அதனை ஒப்பும்!