அழுத பிள்ளையும் ஆசிரியர் கடனும்

சைவாசிரியர்களே,

சீகாழிப் பதியிலே திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் மூன்று வயதுக் குழந்தையாய்த் தந்தையாரோடு திருக்குளத்துக்குச் சென்ற வரலாற்றை நீங்கள் மாணாக்கருக்கு ஆண்டுதோறும் சொல்லி வருகின்றீர்கள். அதிலே நாம் விரைந்து கடந்துபோகும் ஓரிடத்தை இன்று நின்று நோக்குவோமாக.

சிவபாதவிருதயர் நீரினுள் மூழ்கினார். கரையிலிருந்த பிள்ளையார் தந்தையாரைக் காணாது அழுதார். உமாதேவியார் பொற்கிண்ணத்திலே ஞானப்பாலை ஊட்டி அவ்வழுகையைத் தீர்த்தருளினார். கரையேறிய தந்தையாரோ, வாயிலே பால் வழிதலைக் கண்டு, யார் தந்த பாலை உண்டாய் என வெகுண்டு சிறுகோலை ஓங்கினார் என்று பெரியபுராணம் கூறும். தந்தையாரும் பிள்ளைமேல் அன்புடையரே. எனினும், அம்மையார் முன்னர்க் கேட்டது அழுகையை; தந்தையார் முன்னர்க் கண்டது குற்றத்தை. வகுப்பறையிலே நாம் எவர் வழியில் நிற்கின்றோம்?

யாம் எம் பிழையை ஒளியாது சொல்லுவோம். பல ஆண்டுகளின் முன், யாம் கற்பித்த ஐந்தாம் வகுப்பிலே ஒரு மாணாக்கன் சோதனை நாட்களிலெல்லாம் வயிற்றுவலி என்று அழுவான். அதனைக் கள்ளம் என்று துணிந்து, வகுப்பார் நகைக்கும்படி கடிந்து பேசினோம். பின்பு அவன் வலியைச் சொல்லவில்லை, பேசுதலையே குறைத்துவிட்டான். ஒருநாள் அவன் தாயார் வந்து, "வாத்தியார் ஐயா, பிள்ளை இரவிலே நித்திரை கொள்ளுகிறானில்லை. புலமைப்பரிசிற் சோதனையிலே தவறினால் நீங்கள் தன் முகம் பார்க்கமாட்டீர்கள் என்று அழுகிறான்" என்றார். அம்மொழி எமக்குப் பிரம்பினும் உறைத்தது. யாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலே, பரீட்சை நாளில் எம் கை நடுங்குதலைக் கண்ட ஆசிரியர் ஒருவர், தண்ணீர் பருகச் செய்து, நடுக்கம் தீருமளவும் அருகே நின்றார். பிறசமயத்தவர் ஒருவர் எமக்குச் செய்த உபகாரத்தைச் சைவப் பாடசாலையிலே நின்று யாம் செய்யாது விட்டோம்.

அச்சத்தால் வரும் வயிற்றுவலி பொய்யன்று. மனம் அஞ்சும்போது நெஞ்சு விரைந்தடிக்கும், மூச்சுக் குறுகும், குடல் கலங்கும். சிறுவர் படுக்கையை நனைப்பர். வளர்ந்தோர் நித்திரையிழந்து சினப்பர். 2004ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோளையும் 2009இல் முடிந்த போரையும் கண்ட பெற்றோரின் துயரம் பிள்ளைகள்மேற் படிதலும் உண்டு.

ஆதலின், முதலாவது, அஞ்சிய பிள்ளையைத் தனியே அழைத்து, இடைமறியாது கேளுங்கள். கேளாமுன் "அஞ்சாதே" என்றல் ஆறுதலன்று, வாயடைத்தலேயாம். இரண்டாவது, காலைப் பிரார்த்தனையின்பின், திருவைந்தெழுத்தை மனத்தே எண்ணி மெல்ல மூச்சை வாங்கி, அதனினும் மெல்ல விடப் பழக்குங்கள். மூன்றாவது, பெரும்பாடத்தைச் சிறுகூறாக்கிக் கொடுங்கள். குறைந்த புள்ளியை வகுப்பிலே உரத்து வாசியாதிருங்கள். விளையாட்டையும் நித்திரையையும் பறியாதபடி பெற்றோருக்குச் சொல்லுங்கள். உடற்றண்டனையைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தால் விலக்கியது. நாவாகிய பிரம்பை விலக்குவது நம் கடன்.

அச்சம் வாரக்கணக்காய் நீடிக்குமாயின் வைத்தியரிடம் அனுப்புங்கள். பிள்ளை உயிரை வெறுத்துப் பேசுமாயின் ஒரு நாளும் தாழாது, தனியே விடாது, பெற்றோரையும் வைத்தியரையும் கூட்டுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசியும் உண்டு. திருநீறிட்டு வழிபடுவித்தலும் மருந்து கொடுப்பித்தலும் தம்முட் பகையல்ல.

பிள்ளையாரின் விடையைக் கேட்டபின் சிவபாதவிருதயர் வெகுளி நீங்கினார். நாமும் கேட்போமாயின் நீங்குவோம். திருவருள் உண்டென்று நாம் ஓதுவது, அழும் பிள்ளைக்கு நம் முகத்திலே தோன்றுக.

திருச்சிற்றம்பலம்.