ஒரே தோட்டா

உங்கள் வீட்டில் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். எதைக் கொடுப்பீர்கள்?

'எங்க வீட்ல அரிவாள்மனையைத் தவிர ஆயுதமே கிடையாதுங்க' என்று சிரிக்காதீர்கள். மன்னார்குடிப் பக்கம் என் நண்பர் ஒருவருக்கு நிஜமாகவே இந்தச் சிக்கல் வந்தது. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகச் சுருங்கியது. மிச்சத்தை ஓராண்டுக்குள் ஒப்படைத்தாக வேண்டும்.

மூன்றும் தாத்தா சொத்து. பயிர்க்காவலுக்கு, குழல் வாய் வழியாக மருந்து போட்டு நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று. அந்தக் காலத்தில் வயல்வெளியில் உள்ளானும் மடையானும் சுட்ட இரட்டைக் குழல் ஒன்று. மூன்றாவதுதான் ஹீரோ. அரசு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிள். போல்ட் வகை. ஒருமுறை சுட்டால் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, காலி உறையை வெளியே தள்ளி, மறுபடி முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். அதற்குள் மான் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்! அதனால் முதல் தோட்டாவே சரியான இடத்தில் விழ வேண்டும்.

"தாத்தாவுக்கு எப்பவும் ஒரே தோட்டாதான். காயம்பட்ட மான் துடிக்கிறதை அவரால பார்க்க முடியாது" என்றார் நண்பர்.

கோடியக்கரையில் வெளிமான் வேட்டை ஆடியவர் தாத்தா. 1967-ல் அங்கே சரணாலயம் வந்தது. 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் வெளிமானைத் தொடவே கூடாது என்றது. தாத்தா ரைஃபிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டியதோடு சரி.

நான் பி.காம். ஆயிற்றே, கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னார். சுலபமான கணக்குதான். ரைஃபிளுக்கு வேலையே இல்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்து, முடிந்ததும் தூக்கி வர வேண்டும். "ரைஃபிளைக் கொடுத்துடுங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "வலிக்காம கொல்லணும்னு அவ்வளவு பாடுபட்டவர், கொல்லாமலே இருந்திருக்கலாமே சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டன் கடை க்யூவுல நிக்கிறீங்களே, அந்த ஆடு எப்படிச் செத்துதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

பதில் இல்லை என்னிடம். ஜெர்மனியில் வேட்டைக்காரர்கள் சுட்ட மானின் வாயில் ஒரு சின்னத் தழைக் கொத்தை வைப்பார்கள். கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். நம் ஊர் வாய்க்கரிசி மாதிரி! முன்பு இதைப் படித்தபோது, கொன்றுவிட்டு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றியது. இப்போது அப்படிச் சட்டென்று சிரிக்க முடியவில்லை.

எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா, எந்த இடத்தில் குறி... தாத்தாவின் அக்கறை பொய்யில்லை. ஆனால், மான் சாகப்போவது முடிவான பிறகு ஆரம்பித்த அக்கறை அது. எப்படிச் சாக வேண்டும் என்று யோசித்தவர், ஏன் சாக வேண்டும் என்று யோசிக்கவில்லை. சரி, நான்? 'எப்படி'யும் கேட்டதில்லை, 'ஏன்' என்றும் கேட்டதில்லை. எலும்பு கம்மியாப் போடுங்க பாய் என்பதோடு என் தர்ம விசாரம் முடிந்துவிடுகிறது. எங்கள் இரண்டு பேரில் அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நண்பர் கடைசியில் இரட்டைக் குழலை ஒப்படைத்தார். ரைஃபிள் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை எண்ணெய் போடுகிறாராம்.