நலமான முகமும் மருத்துவர் கடமையும்

அழகை விரும்புவதைப் பழிக்க நாம் வரவில்லை. மஞ்சளும் மருதோன்றியும் ரங்கத்து வீடுகளிலும் உண்டு. நம் ஐயம் முகத்தை நிரப்பும் ஊசியைப் பற்றியது.

1899-இல் வியன்னாவில் கெர்சுனி என்னும் மருத்துவர் பெட்ரோலியக் களிம்பைத் தோலடியில் செலுத்தினார். அம்முறை பரவியது; பின்னர் அப்பொருளே கட்டிகளாக இறுகிப் பல முகங்களைச் சிதைத்தது. இன்று பெரிதும் பயன்படும் ஹயலூரானிக் அமிலம் நம் உடலில் இயல்பாகவே உள்ள பொருள். பெரும்பாலோர்க்கு வீக்கமும் கன்றலும் சில நாள்களில் மறையும். அரிதாக, அது தமனிக்குள் புகுந்தால் தோல் அழுகும். விழித்திரைக்குக் குருதி தடைப்பட்டால் பார்வையே போகும். தோலைக் காக்க ஹயலூரானிடேஸ் என்னும் நொதியை விரைந்து செலுத்த வேண்டும். மாதங்கள் கழித்துக் கட்டிகள் தோன்றுவதும் உண்டு.

அறுவைக்கு உடன்படும் நோயாளிக்குத் தராசின் மறுதட்டில் நோய் இருக்கிறது. நலமான முகத்திற்கு அங்கே இருப்பது பிறர் கண் மட்டுமே. அவ்வாறிருக்க, ‘கையொப்பம் இட்டார்’ என்று மருத்துவர் ஒதுங்கலாமா? பிணியற்றவர்க்கு ஊசி ஏற்றுபவர், பிணி தீர்ப்பவரினும் மிகுதியாகக் கடமைப்பட்டவர் என்பதே நம் துணிபு. மாற்று மருந்தைக் கைவசம் வைத்திராதவர் அம்முகத்தைத் தொடவே கூடாது.

சென்னையில் ஊசி ஏற்றுக்கொண்டு ரங்கத் திரும்பியபின் முகம் வீங்கினால் யாரைத் தேடுவது? சாலைவழி ஸ்ரீ விஜயபுரம் செல்வதற்கே நீரிணையைப் படகில் கடக்கும் நமக்கு, கையொப்பத்திற்கு முன்பே அதற்கு விடை வேண்டும்.