வானம் பொய்த்ததா?

மழை தவறினால் ‘வானம் பொய்த்தது’ என்பது தமிழ் மரபு. குற்றம் வானத்தின்மீது சுமத்தப்பட, மனிதன் விடுதலையாகின்றான். புத்தளக் கரையோரத்தில் இத்தீர்ப்பு இன்றும் செல்லுமா?

ஈரநிலத்தில் வெயிலின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலே செலவாகின்றது. நிலம் வரண்டாலோ அவ்வெப்பம் காற்றையே சுடுகின்றது. கடற்காற்றுத் தணிக்குமென்பர், அது கொணரும் ஈரப்பதன் வியர்வையை உலரவிடாது உடலை வாட்டுவதுமுண்டு. (உப்பளத்தாருக்கு வெயிலே செல்வம் என்பது வேறு கதை.) 2016, 2017 ஆம் ஆண்டுகளிற் கண்டது போன்ற வரட்சி இக்கரைக்குப் புதிதன்று. ஆயின், மனிதன் எரித்த எரிபொருளால் வெம்மையேறிய உலகில் அதே வரட்சி மேலும் சுடுகின்றது.

‘மனிதன்’ என்ற சொல்லுக்குள்ளும் குற்றவாளி ஒளிந்துகொள்ளலாம். நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையம் நிற்கின்றது. அதன் மின்சாரம் நாடெங்கும் செல்கின்றது. அயலிலே, கற்பிட்டி மணலில், வெங்காயப் பாத்திக்கு நீரிறைக்கும் கூலியாள் நண்பகலைத் தாங்குகின்றான். அவன் வீட்டிலும் ஒரு மின்குமிழ் எரியலாம். அதனாற் குளிரூட்டிய அறையில் இருப்போனுடன் அவன் சமபங்காளியாவானா? இச்சிறு தீவின் புகை உலகக் கணக்கில் அற்பமே. அவ்வுண்மை தீவினுள்ளே எழும் பங்கீட்டு வினாவை நீக்கிவிடாது. கூலி இழவாமல் நண்பகலில் நிழலுக்கு ஒதுங்கும் உரிமையேனும் அவனுக்கு முதலில் உறுதியாதல் வேண்டும்.